சுங்க வரியைத் தீர்மானிப்பது யார், நாடாளுமன்றமா அமைச்சகமா?

வாசகர் ஒருவரின் கருத்து, 27 ஆகஸ்ட் 2025

"இன்றிலிருந்து நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி. ஒரே ஒரு மனிதரின் கையெழுத்தில் இது நடக்கிறது. நம் நாட்டில் அப்படி முடியாது. எந்த வரியாக இருந்தாலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் உண்டு. அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. இந்த ஒரு விஷயத்திலாவது நாம் அவர்களைவிடப் பாதுகாப்பாக இருக்கிறோம்."

28 ஆகஸ்ட் 2025

265ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னது சரி. அதை வைத்து எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தூத்துக்குடியில் சுங்க முகவர். காலையில் அலுவலகம் போனதும் முதலில் பார்ப்பது அரசிதழைத்தான். நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு யாரும் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) போடுவதில்லை.

சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 சதவீதம் 32.5 ஆனது. அப்போது எந்த அவையும் கூடியிருக்கவில்லை. இந்த ஆண்டு மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெய் வரி 20இலிருந்து 10க்கு இறங்கியது. அப்போதும் அவை இல்லை. எல்லா வீட்டு அடுப்படியையும் தொடும் ஒரு வரி ஒன்பது மாதத்துக்குள் ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு முறையும் வேலையை முடித்தது அமைச்சகம் அரசிதழில் வெளியிட்ட ஓர் அறிவிக்கை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சுங்கச் சட்டம் 1962இன் 25ஆம் பிரிவு மத்திய அரசுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது நாடாளுமன்றம்தான். 265ஆம் பிரிவு கேட்பது "சட்டத்தின் அதிகாரம்". அது இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் விவாதம் நடக்கும், வாக்கெடுப்பு நடக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால், அது இங்கே நடப்பதில்லை.

29 ஆகஸ்ட் 2025

"25ஆம் பிரிவு வரி விலக்குக்கானது, அதாவது குறைப்பதற்கானது. அதை வைத்து எப்படி ஏற்ற முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்த விவாதத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

சுங்கக் கட்டணச் சட்டம் 1975இன் முதல் அட்டவணையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு விகிதம் இருக்கும். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது அந்த விகிதத்தைத்தான். பல சரக்குகளுக்கு அது நிஜத்தில் வசூலிப்பதைவிட மிக உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே அரசு ஒரு விலக்கு அறிவிக்கை போட்டு, இப்போதைக்கு இவ்வளவு கட்டினால் போதும் என்று சொல்லும். எங்கள் தொழிலில் 50/2017 என்ற எண்ணைத் தெரியாதவர் இருக்க மாட்டார். ஆயிரக்கணக்கான சரக்குகளின் உண்மையான வரி அந்த ஒரு அறிவிக்கையில்தான் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வரியை ஏற்ற வேண்டுமென்றால் அட்டவணையைத் தொட வேண்டியதே இல்லை. கொடுத்த விலக்கில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்தால் போதும். வாங்கி வருபவருக்கு அது வரி உயர்வு. சட்டத்தின் கணக்கில் அது விலக்கில் செய்த திருத்தம், அவ்வளவுதான். அவையின் ஒப்புதல் தேவையில்லை. அறிவிக்கையின் நகல் அவையில் வைக்கப்படும். இரு அவையும் சேர்ந்து மாற்றினாலோ வேண்டாம் என்றாலோ ஒழிய, அது அப்படியே நிற்கும்.

அன்றே, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அட்டவணை விகிதத்தையே அவசரமாக உயர்த்த அதே சுங்கக் கட்டணச் சட்டத்தில் 8ஏ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அரசு அறிவிக்கையை இரு அவைகளிலும் வைத்து, வைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தீர்மானம் கொண்டுவந்து ஒப்புதல் கேட்க வேண்டும். அவை திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆக, அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு அதற்குக் கடிவாளமும் போட நம் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. 8ஏயில் போட்ட, ஒப்புதல் கேட்டே ஆக வேண்டும் என்ற கடிவாளத்தை 25இல் போடவில்லை.

8ஏயின் பிரபலமான உதாரணம் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு வந்தது. 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 சதவீதம். அந்த அறிவிக்கை மின்னரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 வினாடி. வினாடி வரைக்கும் தெரிவதற்குக் காரணம் வழக்கு. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் சரக்கைக் கொண்டுவந்து ஆவணமும் கொடுத்துவிட்டவர்களிடமும் 200 சதவீதம் கேட்டார்கள். ஜி.எஸ். சதா ரைஸ் மில்ஸ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை பதிவேறிய அந்த நேரத்துக்கு முன் வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. வணிகர்களைக் காப்பாற்றியது அன்று நீதிமன்றம்தான்.

2 செப்டம்பர் 2025

அமெரிக்காவைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. அங்கே அதிபருக்கு அந்த அதிகாரம் அரசியலமைப்பிலிருந்து வரவில்லை. முதல் பிரிவின் 8ஆம் உட்பிரிவு, வரியும் சுங்கமும் விதிப்பதையும் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதையும் காங்கிரசிடம்தான் கொடுத்திருக்கிறது. காங்கிரஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தது.

தொடக்கத்தில் சரக்குச் சரக்காக காங்கிரசே வரி போட்டது. அதன் உச்சம் 1930இன் ஸ்மூட்-ஹாலி சட்டம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிச் சரக்குக்குப் பாதுகாப்பு கேட்டு, நீ எனக்கு வாக்களி நான் உனக்கு வாக்களிக்கிறேன் என்று வரியை ஏற்றிக்கொண்டே போனார்கள். கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் அதிபர் ஹூவருக்கு எழுதினார்கள். அவர் போட்டார். மற்ற நாடுகள் பதிலுக்கு வரி போட, உலக வணிகமே சுருங்கியது. அந்தச் சூட்டில்தான் 1934இல் பரஸ்பர வணிக ஒப்பந்தச் சட்டம் வந்தது. பிற நாடுகளோடு பேசி வரியை 50 சதவீதம் வரை மாற்றிக்கொள்ள அதிபருக்கு அனுமதி. அதுவும் மூன்று ஆண்டுக்கு மட்டும். பிறகு 1962, 1974, 1977 என்று தேசப் பாதுகாப்பு, நியாயமற்ற வணிகம், அவசரநிலை என ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சட்டம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், சட்டம் இயற்றும் அவையிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் நல்லது நடக்கும் என்று நான் நம்பவில்லை. 1930 நடந்தது காங்கிரசின் கையில். 1934இல் எல்லையும் கெடுவும் போட்டுக் கொடுத்த முறை நன்றாகவே வேலை செய்தது.

கடந்த வெள்ளிக்கிழமை அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்ற கணக்கில், 1977இன் அவசரநிலைச் சட்டம் இந்த வரிகளுக்கு இடம் தரவில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் வரி தொடர்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போகும்.

5 செப்டம்பர் 2025

பருத்தியைப் பற்றி நான் எழுதாததைத் திருப்பூர் நண்பர் சுட்டிக்காட்டியிருந்தார். அவருக்கும், அவருக்குக் கொஞ்சம் காட்டமாகவே பதில் எழுதிய, மகாராஷ்டிராவின் விதர்பா பக்கத்து விவசாயக் குடும்பத்து நண்பருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீத வரி வந்தது.  2022 ஏப்ரலில் ஓர் அறிவிக்கையில் அது போனது, பிறகு திரும்ப வந்தது. இப்போது ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை மறுபடி விலக்கு. கெடு முடியுமுன்பே ஆகஸ்ட் 28 அன்று அதை டிசம்பர் 31 வரை நீட்டிவிட்டார்கள்.

நூற்பாலைகளின் நிலை எனக்குத் தெரியும். அமெரிக்க வரி 50 சதவீதம் என்றானதும் எனக்குத் தெரிந்த பின்னலாடைக்காரர்களின் ஆர்டர்கள் நின்றன, தயாரான சரக்கு கிடங்கில் கிடக்கிறது. பஞ்சு விலையில் கொஞ்சம் இறங்கினால்கூட அவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அதே சமயம், அக்டோபரில் புதுப் பருத்தி சந்தைக்கு வரும் நேரத்தில் வரியில்லாத பஞ்சு துறைமுகத்தில் இறங்கினால் பருத்தி விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும் என்ற கேள்வியும் நியாயமானது. இரண்டு பேரும் பிழைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு. முதல் அறிவிக்கை வந்தபோது மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 21 வரை அவை இருந்தது. பருத்தித் தொகுதி உறுப்பினரும் நூற்பாலைத் தொகுதி உறுப்பினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். எதிரெதிரே நின்று பேசி, இவ்வளவு டன்னுக்கு மட்டும் விலக்கு என்றோ, அறுவடை தொடங்கியதும் முடித்துக்கொள்ளலாம் என்றோ ஒரு நடுவழி கண்டிருக்கலாம். அதற்காகத்தானே அவை.

24 செப்டம்பர் 2025

ஒப்பந்தங்களுக்கு வருவோம். "வரி அவசர விஷயம், விடுங்கள். ஒப்பந்தத்தையாவது நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?" என்று கேட்டவருக்குப் பதில்: வேண்டியதில்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றிய அதிகாரப் பட்டியலில் 14ஆவது இனம். அரசியலமைப்பின் 73ஆம் பிரிவின்படி அந்த அதிகாரத்தை அரசே செலுத்தலாம். ஒப்பந்தத்துக்காக உள்நாட்டுச் சட்டம் எதையாவது மாற்ற வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும், 253ஆம் பிரிவு. வரிக்குறைப்பு மட்டும் என்றால் அதற்கு நம் 25ஆம் பிரிவே இருக்கிறது, அறிவிக்கையில் முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவோடு 2022 ஏப்ரல் 2இல் கையெழுத்தானது. அவர்கள் தரப்பில் நாடாளுமன்றக் குழு ஆராய்ந்து, நவம்பரில் சட்டம் நிறைவேறிய பிறகே டிசம்பர் 29இல் அமலுக்கு வந்தது. நம் தரப்பில் அப்படி ஒரு படியே இல்லை. பிரிட்டனோடு இந்த ஜூலை 24இல் கையெழுத்திட்டிருக்கிறோம். அவர்கள் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை அவை நடக்கும் 21 நாட்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அந்த ஏற்பாடும் பலவீனமானதுதான் என்று அங்கேயே குறைப்படுகிறார்கள். நமக்கு அதுகூடக் கிடையாது. ஒரே ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு உறுப்பினருக்குக் கிடைக்கும் உரிமை நம் உறுப்பினருக்குக் கிடைக்காமல் போவது எனக்குப் பெரிய மனக்குறை.

இதில் அரசுக்கும் ஆபத்து உண்டு என்பதை 1994 காட்டியது. ஏப்ரலில் மராகேஷில் உலக வணிக அமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். காப்புரிமைச் சட்டத்தை மாற்றியாக வேண்டும். டிசம்பர் 31 அன்று அவசரச் சட்டம் போட்டார்கள். அதற்குப் பதிலான மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை, அவசரச் சட்டம் காலாவதியானது. அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு, 1997இல் நாம் தோற்றோம். 1999, 2002, 2005 என மூன்று திருத்தங்களில்தான் வேலை முடிந்தது. கையெழுத்துக்கு முன்பே அவையின் மனநிலையைக் கேட்டிருந்தால் பேச்சுவார்த்தையிலேயே இன்னும் அழுத்தமாக நின்றிருக்கலாம். "இதை என் நாடாளுமன்றம் ஏற்காது" என்று சொல்ல முடிகிற பேச்சாளருக்கு மேசையில் பலம் அதிகம். அமெரிக்கர்கள் காலங்காலமாக அதைச் சொல்லித்தான் சலுகை வாங்குகிறார்கள்.

25 செப்டம்பர் 2025

ஆர்செப் (ஆசிய-பசிபிக் நாடுகளின் வட்டார வணிக ஒப்பந்தம்) பற்றிக் கேட்டவருக்கு: 2019 நவம்பர் 4, பாங்காக்கில் விலகல் அறிவிப்பு. பால் உற்பத்தியாளர்களும் சிறுதொழில்காரர்களும் கடுமையாக எதிர்த்தார்கள், அரசு காது கொடுத்தது. ஆனால் சேர்வதானாலும் விலகுவதானாலும் வாக்கெடுப்பு இருந்திருக்காது.

3 அக்டோபர் 2025

ஏற்றுமதிப் பக்கம் இதைவிடக் கூர்மையானது. 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது. ஒரு சனிக்கிழமை. என் வாடிக்கையாளர் ஒருவரின் சின்ன வெங்காயம் குளிர்சாதனக் கன்டெய்னரில் ஏறி, துறைமுகத்துக்கு வரும் வழியில் இருந்தது. விலை பேசி முடித்தது பழைய கணக்கில். வாங்குபவர் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன் என்றார். அனுப்பினால் கைநஷ்டம், திருப்பினால் பாதி அழுகும். கடைசியில் நஷ்டத்தோடு அனுப்பினார். அதே ஆண்டு டிசம்பர் 8இல் ஏற்றுமதிக்கே தடை வந்தது, 2024 மே மாதம்தான் நீங்கியது. அந்தத் தடை இன்னொரு சட்டத்தின் கீழ், 1992ஆம் ஆண்டு அந்நிய வணிக மேம்பாடு, ஒழுங்குமுறைச் சட்டம்.

ஊரில் விலை ஏறினால் அரசு தலையிட வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நாசிக்கின் பெரிய வெங்காயத்தை மனதில் வைத்து எழுதியது நம் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துப் பிடித்தது. 2023 செப்டம்பர் கடைசியில் பெங்களூர் ரோஸ் வகைக்கு மட்டும் வரிவிலக்கு கொடுத்தார்கள். கேட்க ஆள் இருந்த வகைக்கு விலக்கு கிடைத்ததாகவே எனக்குப் பட்டது. அவையில் ஒரு மணி நேர விவாதம் இருந்திருந்தால் திண்டுக்கல், பெரம்பலூர் உறுப்பினர்கள் அதைச் சொல்லியிருப்பார்கள்.

11 அக்டோபர் 2025

"முன்கூட்டியே விவாதித்தால் பதுக்கல் நடக்கும்" என்ற பதில் வந்திருக்கிறது. பலமான வாதம். 40 சதவீத வரி வரப்போகிறது என்று பத்து நாள் முன்பே தெரிந்தால் கிடங்கெல்லாம் காலியாகி எல்லாம் கப்பல் ஏறிவிடும். இதை யோசித்துப் பார்த்தபின், அறிவிக்கைக்கு முன் விவாதம் வேண்டும் என்ற கோரிக்கையை நான் வற்புறுத்தப் போவதில்லை. பிறகாவது வேண்டும். இன்றிரவு அமலுக்கு வரட்டும், அடுத்த கூட்டத்தொடரில் அவை ஒப்புக்கொள்ளாவிட்டால் விழட்டும். 8ஏயில் இருப்பது ஏறக்குறைய அந்த முறைதான்.

ஜிஎஸ்டி மன்றம் மாதிரி சுங்கத்துக்கும் ஒன்று வேண்டும் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜிஎஸ்டியில் மாநில அமைச்சர் உட்கார்ந்து பேசலாம். சுங்க வரி ஒன்றியப் பட்டியல், மாநிலத்துக்கு நாற்காலியே இல்லை. வரி ஏறி இறங்குவதன் அடி விழுவது திருப்பூரிலும் தூத்துக்குடியிலும்தான். ஆனால் மோகித் மினரல்ஸ் வழக்கை மறக்க வேண்டாம். இறக்குமதிக் கடல் சரக்குக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டியைப் பற்றிய வழக்கு அது. மன்றத்தின் பரிந்துரை நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்றம் எதுவானாலும் கடைசிச் சொல் சட்டம் இயற்றும் அவையுடையது.

31 அக்டோபர் 2025

இந்த வாரம் அமெரிக்க செனட்டில் மூன்று வாக்கெடுப்பு. பிரேசில் வரியை முடிக்க 52-48, கனடா வரியை முடிக்க 50-46, உலக நாடுகள் மீதான வரியை முடிக்க 51-47. மூன்றிலும் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள் சிலர் எதிராக வாக்களித்தார்கள். அப்படியும் வரி போகாது. ஏன் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

1976ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டத்தில், இரு அவையும் தீர்மானம் போட்டால் அதிபரின் கையெழுத்து இல்லாமலே அவசரநிலை முடிந்துவிடும் என்று இருந்தது. 1983இல் சாதா (Chadha) என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதிபரிடம் போகாத இப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது என்றது. அதன்பின் அதிபரின் தடுப்பதிகாரத்தை (வீட்டோ) மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொடுத்தபோது சாதாரணப் பெரும்பான்மை போதுமாக இருந்தது, திரும்ப வாங்க மூன்றில் இரண்டு பங்கு. பிரதிநிதிகள் சபை இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தத் தீர்மானங்களை இத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்ற கெடுவைத் தவிர்க்க, கூட்டத்தொடரின் நாட்கள் நாட்காட்டி நாட்களாகவே கணக்கில் வராது என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டது. அதிகாரத்தை யாரும் பிடுங்கவில்லை, அவையே கதவைச் சாத்திக்கொண்டது.

1 நவம்பர் 2025

தொழில்காரர்கள் கவனத்துக்கு: 50/2017 இன்றோடு போய்விட்டது. 31 அறிவிக்கைகளை ஒன்றாக்கி 45/2025 வந்திருக்கிறது. தேடுவது சுலபமாகும், நல்ல வேலை. இன்னொரு நல்ல வேலையையும் சொல்ல வேண்டும். 2021இல் 25ஆம் பிரிவில் சேர்த்த 4ஏ உட்பிரிவுப்படி, நிபந்தனையோடு வரும் விலக்குகள், வேறு கெடு குறிப்பிடப்படாவிட்டால், இரண்டு ஆண்டு முடிந்து வரும் மார்ச் 31 உடன் காலாவதியாகும். பழைய விலக்குகள் கேட்பாரின்றிக் கிடந்த நிலை கொஞ்சம் மாறியது. கெடு போடலாம் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. கெடு முடியும்போது நீட்டிப்பதா என்ற கேள்வி மட்டும் இன்னும் அமைச்சகத்திடமே இருக்கிறது.

9 நவம்பர் 2025

நவம்பர் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. வரி விதிப்பது காங்கிரசின் அடிப்படை அதிகாரம் அல்லவா என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டார். ஒருமுறை போன அதிகாரம் காங்கிரசுக்குத் திரும்பவே திரும்பாதே என்று நீதிபதி கோர்சச் கவலைப்பட்டார். தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தக் கவலை நமக்கும் பொருந்தும்.

நம் குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 1 முதல் 19 வரை என்று நேற்று அறிவித்திருக்கிறார்கள். கேள்விக்கு 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதனால் நேரம் அதிகமில்லை. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறேன். பருத்தி விலக்கு டிசம்பர் 31இல் முடிகிறது, நீட்டிப்பதானால் கூட்டத்தொடருக்குள் அவையில் விவாதிப்பீர்களா என்பது ஒன்று. பிரிட்டன் ஒப்பந்தம் அமலுக்கு வருமுன் வணிகத்துறை நிலைக்குழுவின் முன் வைக்கப்படுமா என்பது இன்னொன்று. வேறு தொகுதிக்காரர்கள் அப்படியே எடுத்து உங்கள் உறுப்பினருக்கு அனுப்பலாம். பருத்தி இருக்கும் தொகுதியானாலும் நூற்பாலை இருக்கும் தொகுதியானாலும் கேள்வி ஒன்றுதான்.